பந்துச் சத்தம்

பெட்டியில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டார்க் கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் அதே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தபடி நாலைந்து முறை திரும்பி வர வேண்டும். வந்தது. ஆனால் ஒன்று விட்டு ஒன்றுதான் வந்தது. நான் தட்டிய சத்தம், அப்புறம் வெறுமை, அப்புறம் எதிரொலி, மறுபடி வெறுமை. மாடிப்படியில் ஒரு படி விட்டு ஒரு படி உடைந்துபோனால் இறங்குகிறவன் கால் எப்படித் தடுமாறும், அப்படித் தடுமாறியது என் காது. நாப்களைத் திருகினேன். அடாப்டரைப் பிடுங்கிச் செருகினேன். ஜாக்கை ஊதிப் பார்த்தேன். யாருமில்லாத வீடுதானே என்று கடைசியில் வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன். அது பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது.

பெட்டி என்று நான் சொல்வது கிட்டாருக்குப் போடும் எஃபெக்ட்ஸ் பெடலை. காலால் மிதித்து இயக்குவது. சாப்பாட்டு டப்பாவை விடக் கொஞ்சம் அகலம், நல்ல கனம். மூன்று வேலை செய்யும். சத்தத்தைத் தண்ணீரில் ஆடும் நிழல் மாதிரி அலைய வைப்பது ஒன்று. அதற்குக் கோரஸ், ஃபேஸர் என்று வகைவகையாகப் பெயர் உண்டு. வாசித்ததையே திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொன்று, அது டிலே. மூன்றாவது ரிவர்ப். பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து வாசித்தாலும் பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் காட்டும். தனியாக இருக்கிறவன் ரிவர்பைத் தொடவே கூடாது என்பது என் அபிப்பிராயம். ஏற்கெனவே வீடு பெரிதாகத்தான் இருக்கிறது.

கடலூரில் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. பகலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறேன். முகூர்த்த நாட்களில் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பேன். பண்ருட்டி, வடலூர், சிதம்பரம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். ‘போவோம்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். நானும் என் மச்சானும். என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் இருக்கிறான். வீட்டு மாடியில் கிட்டார், கீபோர்டு கிளாஸ் எடுக்கிறான். மேடையில் எனக்கு இடது பக்கம் நிற்பான். பதினெட்டு வயதில் அவனுக்கு நான்தான் கிட்டாரில் முதல் கார்டு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன் என்று நான் சொல்வேன். அதை மறக்கத்தான் அத்தனை வருஷம் ஆயிற்று என்று அவன் சொல்வான்.

என் மனைவி இறந்துபோனாள். போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் வருவதற்கு இரண்டு மாசம் முன்னால். காய்ச்சல் என்று போனோம், கிட்னி என்றார்கள், அதற்கப்புறம் அவர்கள் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அந்தப் பெட்டியை வாங்கச் சொன்னது அவள்தான். அதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய டிலே பெடல் இருந்தது. கீரப்பாளையத்தில் ஒரு ரிசப்ஷனில் நான் சோலோ வாசித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் குனிந்து அதை என் கேபிளிலிருந்து உருவித் தன் கேபிளில் மாட்டிக்கொண்டான். அடுத்த பாட்டு அவனுடையதாம், இப்போதே மாட்டினால்தான் சரியாக இருக்குமாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என் கிட்டார் வெறும் கம்பியாக டொய்ங் டொய்ங் என்றது. வேனில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து திரும்பினோம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அவளிடம் தனித்தனியாகப் புகார் சொன்னோம். அவள் கேட்டுவிட்டு, “ரெண்டு கெழட்டுப் பசங்களுக்கும் நான்தான் பொம்ம வாங்கிக் குடுக்கணும் போல இருக்கு” என்றாள்.

பாண்டிச்சேரியில் ஒரு கடைக்கு மூன்று பேருமாகப் போனோம். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பின்புறம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றில் கேபிள் செருகும் ஓட்டை நாலு இருந்தது. எது என்ன என்று கடைக்காரரைக் கேட்டாள். சொன்னார்.

“உள்ள போவ ரெண்டு, வெளிய வர ரெண்டா? அப்ப ஆளுக்கு ஒண்ணு. சண்ட முடிஞ்சுது. இதையே குடுங்க.”

“மேடம், அது அதுக்கு இல்ல. ஸ்டீரியோன்னு சொல்லுவாங்க. ஒரே ஆளு வாசிச்சி ரெண்டு ஸ்பீக்கர்ல…”

“நீங்க சும்மா இருங்க சார். எங்க வூட்டு சண்ட ஒங்களுக்குத் தெரியாது.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். அவன் கண்ணாலேயே விட்டுடுங்க மாமா என்றான். ஸ்டீரியோ என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இல்லை நாங்கள். ஆனால் அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தபின் யாருக்கு வாய் வரும். வீட்டுக்கு வந்து அவள் சொன்னபடியே மாட்டினோம். இடது ஓட்டையில் அவன் கிட்டார், வலது ஓட்டையில் என் கிட்டார். இடது வழியாக வெளியே வருவது அவன் ஆம்ப்ளிஃபையருக்கு, வலது வழியாக வருவது என் ஆம்ப்புக்கு. வேலை செய்தது! அவள் இரண்டு நாள் எங்களைத் தலைநிமிர விடவில்லை.

அதில் ஒரே ஒரு சங்கடம். பெட்டி ஒன்று என்பதால் எஃபெக்டும் ஒன்றுதான். நான் கோரஸ் போட்டால் அவன் கிட்டாரும் சேர்ந்து அலையும். அவன் டிலே போட்டால் எனக்கும் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் இந்தப் பாட்டுக்கு எது, எவ்வளவு என்று இரண்டு பேரும் கூடிப் பேசியாக வேண்டும். அதற்கு முன் எங்களுக்குள் அப்படிப் பேச்சே கிடையாது, அவனவன் இஷ்டம்தான். பிறகு பேசிப் பேசியே பாதி ஞாயிற்றுக்கிழமை போகும். இதற்குத்தான் அவள் வாங்கச் சொன்னாளோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துவிடுவான். அவன் ஆம்ப் எங்கள் வீட்டிலேயே கிடந்தது. ஹாலில் வாசற்பக்கம் அவன் ஆம்ப், சமையலறைப் பக்கம் என் ஆம்ப், நடுவில் கட்டில். கட்டிலில் அவள் உட்கார்ந்து காய் நறுக்குவாள், பூண்டு உரிப்பாள், இல்லாவிட்டால் சும்மா கால் நீட்டிக்கொண்டு கேட்பாள். நாங்கள் வாசித்ததில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. டிலேயில் ஒரு வகை உண்டு. முதல் எதிரொலி ஒரு பக்கம் வரும், இரண்டாவது மறுபக்கம், மூன்றாவது திரும்ப இந்தப் பக்கம். பிங்-பாங் என்று பெட்டியில் போட்டிருக்கும். அவள் அதற்குப் பந்துச் சத்தம் என்று பெயர் வைத்தாள்.

“அந்தப் பந்துச் சத்தத்த வையுங்க. தம்பிகிட்டேர்ந்து ஒங்ககிட்ட வருது, ஒங்ககிட்டேர்ந்து தம்பிகிட்ட போவுது. நல்லா இருக்கு.”

எங்களுக்கு அதில் அப்படியொன்றும் விசேஷமாகத் தெரியாது. அவனவன் ஆம்ப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அவனவன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். என்னத்தைப் பந்து என்று நினைத்துக்கொண்டு அவளுக்காகக் கொஞ்ச நேரம் அதை வைப்போம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தல்காரர்கள் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஹாலுக்குள் வந்து குனிந்து இடது பக்கத்து இரண்டு கேபிளையும் உருவினான். சுருட்டி ரப்பர் பேண்டு போட்டான். ஆம்ப்பை ஒரு பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினான். “கிளாஸுக்கு ஆம்ப் பத்தல மாமா, எடுத்துட்டுப் போறேன். அப்பறமா வரேன்” என்றான். சரி என்றேன். ஆம்ப் இருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் இருக்கிறது என்றான். அப்புறம் பரீட்சை நேரம் என்றான். கிட்டார் கிளாஸுக்கு என்ன பரீட்சையோ. ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்தும் அவன் நின்றுவிட்டான் என்று கீபோர்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வருஷத் திதிக்கு வந்தான். வாசலை ஒட்டி உட்கார்ந்தான், இலையில் போட்டதைச் சாப்பிட்டான், மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். மேஜைமேல் துணி போட்டு மூடியிருந்த பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அக்கா இருந்தவரை என் சோற்றைத் தின்று என் கட்டிலில் படுத்துக்கிடந்தவன், அவள் போனதும் ஊர்க்காரன் மாதிரி வந்து போகிறானே என்று வயிறு எரிந்தது.

போனில் பேசுவோம். அதையும் பேச்சு என்று சொன்னால் பேச்சுதான்.

“சாப்டீங்களா மாமா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு. வேற ஒண்ணும் இல்லயே?”

“ஒண்ணும் இல்ல.”

“சரி மாமா.”

அந்த ‘சரி மாமா’வுக்கு அப்புறம் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் கடை விட்டு வந்தால் மெஸ்ஸில் வாங்கிய பார்சலைப் பிரிக்கிற சத்தம், ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு டீவி சத்தம். அவ்வளவுதான். பார்சலில் எப்போதும் இரண்டு பேருக்கான சாம்பார் வைக்கிறார்கள். ஒருத்தனுக்குக் கொஞ்சமாகக் கட்டுங்கள் என்றால், “இருக்கட்டும் சார், ஜாஸ்தி இருந்தா என்ன” என்கிறார்கள். ஜாஸ்தியைக் கொட்டும்போதுதான் அது என்ன என்று தெரியும்.

பண்ருட்டியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெரியப்பா மகன் கேட்டார்.

“சிதம்பரத்தான் வரானா வூட்டுக்கு?”

“வேல ஜாஸ்தி அவனுக்கு.”

“வேலயும் இல்ல ஒண்ணும் இல்ல. எப்பிடி வருவான்? பொண்ணும் போயிடுச்சி, புள்ளகுட்டியும் கெடையாது. அவ இருந்தா மச்சான். இனிமே அவன் ஒனக்கு யாரு?”

அவர் கெட்டவர் இல்லை. நாலு பேர் பேசுகிறதைத்தான் பேசினார். பாயசம் போட வந்தவரிடம் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு எழுந்துவிட்டேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அந்த ஒரு கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. மாமா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்தன் இருக்கிறான், அவன் எனக்கு யார் என்று இனிமேல் எப்படிச் சொல்வது.

அதற்கப்புறம்தான் ஒருநாள் பெட்டிமேல் இருந்த துணியை எடுத்தேன். பழக்கத்தில் வலது ஓட்டையில் கிட்டாரைச் செருகி, வலது வழியாக என் ஆம்ப்புக்கு விட்டு, கை தானாகப் பந்துச் சத்தத்தில் போய் நின்றது. அப்போதுதான் ஒன்று விட்டு ஒன்று வந்தது. இத்தனை வருஷம் வாசிக்கிறவனுக்கு இதன் காரணம் தெரியாதா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டியை நான் ஒருநாளும் ஒற்றை ஆளாக வாசித்ததில்லை. அப்படி ஒரு நிலை வரும் என்றே என் மண்டைக்கு உறைக்கவில்லை.

பழைய டவுனில் மைக் செட், ஆம்ப் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். செருகிப் பார்த்தார், கேட்டார், சிரிக்காமல் சொன்னார்.

“பொட்டியில ஒண்ணும் இல்ல சார். பாதி சத்தம் லெஃப்ட்ல போவுது. அந்தப் பக்கத்து ஆம்ப்பு எங்க?”

“சிதம்பரத்துல இருக்கு.”

“அப்ப ரெண்டு கேபிளையும் லெஃப்ட்டுக்கு மாத்திக்குங்க. லெஃப்ட்ல மட்டும் போட்டா பொட்டியே ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒத்த ஆம்ப்புலயே குடுத்துடும்.”

வீட்டுக்கு வந்து மாற்றிப் பார்த்தேன். எல்லா எதிரொலியும் ஒழுங்காக வந்தது, ஒன்றுகூட விடாமல். ஒரே இடத்திலிருந்து வந்தது. சுவரில் எறிந்து நாமே பிடிக்கிற பந்து மாதிரி. கொஞ்ச நேரம் கேட்டேன், எரிச்சல் தாங்கவில்லை. மறுபடியும் வலது பக்கமே செருகினேன். வெறுமையோடேயே வாசித்தேன். சில நாள் அந்த இடைவெளியில் அவன் என்ன வாசிப்பான் என்று எனக்கே கேட்கும். அப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு அண்ணன் தம்பிகள் கூடப்பிறந்தவள் வீட்டுக்குச் சீர் கொண்டுவந்து தர வேண்டும். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, பூசணிக்காய், ஒரு புடவை. எவ்வளவு வசதி இல்லாதவனும் இதை விடமாட்டான். விட்டால் அவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊர் பேசிவிடும். மச்சான் போகிப் பண்டிகை அன்று வருவான். பஸ்ஸில் கரும்பு உள்ளே நிற்காது, ஜன்னல் வழியாகத் தோகையை வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டு வருவான். இவள் காலையிலிருந்து வாசலிலேயே நிற்பாள். சீர்த்தட்டை அவள் கையில்தான் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டு முதலில் புடவையைத்தான் பிரிப்பாள். ஒவ்வொரு வருஷமும் பாக்கு நிறத்தில்தான் எடுத்துவருவான். அவளுக்கு அது அறவே பிடிக்காது. “ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு, வேற கலரே இல்லயா ஊர்ல” என்று கத்துவாள். மறுநாள் அதைத்தான் கட்டிக்கொண்டு பொங்கல் வைப்பாள்.

அவள் போன முதல் பொங்கல் துக்கப் பொங்கல், வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. அதனால் அவன் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன பொங்கலுக்குத் தீட்டு எதுவும் இல்லை. போகி அன்று கடைக்கு லீவு சொன்னேன். எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு வீட்டில் வேலை என்றேன். ஒட்டடை அடித்தேன். வாசலைக் கழுவிவிட்டேன். அவனுக்காக இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சிதம்பரத்திலிருந்து பஸ் வரும் நேரம் எனக்கு மனப்பாடம், ஒவ்வொரு பஸ்ஸும் வந்து, அதில் இறங்கியவன் நடந்து வந்திருக்க வேண்டிய நேரமும் தாண்டியபின் ஒருமுறை தெருவை எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்குச் சீர் வந்தது. அதற்கும் பக்கத்து வீட்டுக்கு இரண்டு அண்ணன்மார் காரில் வந்து இறங்கினார்கள். இருட்டியதும் கதவைச் சாத்தினேன். பெரியப்பா மகன் சொன்னது சரிதான் என்று அழுகை வந்தது. ஆமாம், அழுதேன்.

மறுநாள் பொங்கல். தெருவெல்லாம் பொங்கி முடித்துக் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். நீ யாரும் இல்லை என்றால் யாரும் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. அந்தப் பெட்டியில் பாதி உன்னுடையது, அதையும் நீயே வைத்துக்கொள். எனக்கு எதற்குப் பாதிச் சத்தம். பெட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பொங்கலன்று பஸ்ஸில் கூட்டமே இல்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை அவனிடம் என்னென்ன கேட்பது என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. என்ன சொல்லிவிடுவானோ என்று பயம்.

மச்சான் மனைவிதான் கதவைத் திறந்தாள்.

“வாங்கண்ணே” என்றவள் என் கையில் இருந்த பையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மாடில இருக்காருண்ணே. நேத்துலேந்து யாருகிட்டயும் பேசல. பொங்கல் வச்சி எறக்குனேன், கீழ எறங்கி வரல. நீங்களாச்சும் என்னான்னு கேளுங்க.”

மாடியில் கிளாஸ் நடத்தும் அறை. அவன் ஸ்டூலில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் பின்னால் மூலையில் இரண்டு கரும்பு, தோகை மேல் கூரையில் முட்டி வளைந்து நின்றன. கீழே மஞ்சள் கொத்து, இலை வாடியிருந்தது. ஒரு பூசணிக்காய். பெரிய எவர்சில்வர் தட்டில் அரிசியும் வெல்லமும், அதன்மேல் ஒரு ஜவுளிக்கடை கவர்.

“யாருக்கு மச்சான் இது?” என்றேன்.

“ஒங்க வூட்டுக்குத்தான் மாமா.”

“அப்ப ஏன் வரல? நேத்து பூரா வாசல்ல நாயி மாதிரி நின்னுக்கிட்டு இருந்தேன் நான்.”

அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். “வந்தேன் மாமா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். கடலூர் பஸ்ஸு வந்துது, நின்னுது, போயிடுச்சி. அடுத்ததும் போயிடுச்சி. ஏற முடியல. வாசல்ல அக்கா நிக்கும், கைய நீட்டும், குடுத்துட்டு உள்ள போவேன். இப்ப யாரு கையில குடுக்குறது? தரையில வச்சிட்டு வர முடியுமா? போன வருஷம் துக்கம்னு தெரிஞ்சும் மனசு கேக்காம இப்பிடித்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.”

அந்தக் கவரை எடுத்துப் பிரித்தேன். பாக்கு நிறம்.

“பொடவயும் எடுத்துட்டேன் மாமா. கடையில கை அதும் பாட்டுக்குப் போயி எடுத்துடுச்சி. வூட்டுக்கு வந்தப்பறம்தான் ஒறச்சுது.”

“இந்தக் கலரா எடுத்த?” என்றேன். “அவ திட்டுவா.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் கிட்டார்மேல் கவிழ்ந்துவிட்டான். முதுகு குலுங்கியது. நான் பக்கத்தில் போய் அவன் தலைமேல் கை வைத்தேன். அவள் செத்த வீட்டில்கூட நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக அழவில்லை. எதிரெதிர் மூலையில் நின்றுகொண்டிருந்தோம்.

கொஞ்சம் அடங்கியபின் பையைப் பார்த்தான். “அது எதுக்கு மாமா எடுத்தாந்தீங்க?”

திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்லவில்லை. “ரிப்பேரு. ஒண்ணு வுட்டு ஒண்ணுதான் வருது.”

அவன் எழுந்து அலமாரியிலிருந்து கேபிள்களை எடுத்தான். பதினாறாம் நாள் போட்ட ரப்பர் பேண்டு இன்னும் அப்படியே இருந்தது. இடது பக்கத்தில் தன் ஆம்ப்பை மாட்டினான். வலது பக்கத்துக்குக் கிளாஸ் பிள்ளைகள் வாசிக்கிற சின்ன ஸ்பீக்கரை மாட்டி அறையின் அந்தக் கோடியில் வைத்தான். நான் வழக்கம்போல வலது பக்கம் போனேன்.

“நீங்க நடுவுல ஒக்காருங்க மாமா. ரெண்டு பக்கமும் வருதான்னு கேட்டுச் சொல்லுங்க.”

நடுவில் ஒரு பிளாஸ்டிக் சேர் கிடந்தது. உட்கார்ந்தேன். பெட்டி வாங்கிய நாளிலிருந்து அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. அவன் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். அவன் பக்கத்திலிருந்து கிளம்பிய சத்தம் என் நெஞ்சுக்கு முன்னால் கடந்து நான் இருக்க வேண்டிய பக்கத்துக்குப் போனது. அங்கிருந்து அவனிடம் திரும்பியது. மறுபடி என் பக்கம் போனது. யாரோ ஒருத்தரை நடுவில் உட்காரவைத்து அவர் தலைக்கு மேலாக இரண்டு பேர் பந்து போட்டு விளையாடுவது மாதிரி இருந்தது. ஒருத்தர் கையிலும் நிற்காமல், கீழேயும் விழாமல், தேய்ந்து தேய்ந்து போனது.

கட்டிலில் உட்கார்ந்து அவள் கேட்டது இதைத்தான். அவள் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். எங்களுக்குப் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

“வருதா மாமா?”

“வருது. நிறுத்தாத.”

வெகுநேரம் வாசித்தான். அவன் மனைவி மாடிப்படியில் வந்து நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பொங்கலைச் சூடு பண்ணினாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். பெட்டி இங்கேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்போடு கொண்டுவருகிறேன் என்றான். பரீட்சை ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். முறைத்தான்.

கிளம்பும்போது தட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். எப்படிக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சீர்த்தட்டை நான் ஒருநாளும் வாங்கியதில்லை, அது அவள் வாங்குவது. படியிறங்கி வெளியே நின்று இரண்டு கையையும் நீட்டினேன். வைத்தான். கனமாக இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கரும்பை அவனே தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை வந்தான். முதல் நாள் அவன் நின்ற இடம் எது என்று நான் கேட்கவில்லை.

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து தோகையை வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஊரைத் தாண்டியதும் டிக்கெட் போட வந்த கண்டக்டர் கரும்பையும் மஞ்சள் கொத்தையும் பார்த்தார்.

“என்னா சார், பொங்கலே முடிஞ்சி போச்சி, இப்பத்தான் சீரு எடுத்துட்டுப் போறீங்களா? தங்கச்சி வூட்டுக்கா?”

“இல்லீங்க. எனக்கு வந்த சீரு.”

ஆம்பிளைக்கு யார் சீர் வைப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். டிக்கெட்டைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒங்களுக்கா? யாரு வச்சா?”

“என் மச்சான்” என்றேன்.